மயில்துத்தத்தினுள் மறைந்திருக்கும் நீர்

1956-ஆம் ஆண்டில் மாநில எல்லை வகுக்கப்பட்டபோது நெய்யாற்றின்கரையும் பாறசாலையும் கேரளத்தில் அமைந்தன. அப்பகுதித் தமிழர் தம் மொழியில் மயில்துத்தம் எனும் பொருளுக்கு மலையாளத்தில் துரிசு என்று பெயர். மிளகுக் கொடியையும் கமுகையும் மழைக்கால அழுகல் நோயினின்று காக்கும் போர்டோக் கலவைக்கு இந்நீலப் படிகமே உயிர். ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பு, நூறு லிட்டர் நீர் என்பது அதன் அளவு.

அந்த ஒரு கிலோவில் ஏறத்தாழ 360 கிராம் நீரே என்றால் வியப்பாக இருக்கும். கடைக்காரர் நீர் தெளித்து எடை கூட்டினார் என்று ஐயுற வேண்டா! தாமிர சல்பேட்டின் ஒவ்வொரு மூலக்கூற்றுப் பங்கிற்கும் ஐந்து பங்கு நீர் சேர்ந்தே அப்படிகம் உருவாகிறது. நீல நிறமும் அந்நீர் தந்ததே.

ஐந்து என்பதை எவ்வாறு அறிவது? பீங்கான் மூசையில் 2.50 கிராம் படிகத்தை இட்டு மெல்லச் சூடேற்றுக. நீலம் மறைந்து வெண்பொடி எஞ்சும். அதன் எடை 1.60 கிராம், எனவே வெளியேறிய நீர் 0.90 கிராம். நீரற்ற உப்பின் மூலக்கூற்று எடை ஏறத்தாழ 160, நீரின் எடை 18. 1.60-ஐ 160-ஆல் வகுத்தால் 0.01, 0.90-ஐ 18-ஆல் வகுத்தால் 0.05. ஒன்றுக்கு ஐந்து!

மாணவர் இடறும் இடம் ஒன்றுண்டு. நான்கு பங்கு நீர் 110 பாகைக்குள் அகன்றுவிடும். ஐந்தாவது 200 பாகையளவில்தான் அகலும். அவசரப்பட்டு நான்கோடு நிறுத்தினால் எஞ்சுவது 1.78 கிராம், கணக்கிட்டால் விடை 3.6 என வரும். பின்னமாக வந்த விடையே பிழையைக் காட்டிக் கொடுத்துவிடும். ஆகவே சூடேற்றி, ஈரம் புகாத கலத்தில் ஆறவைத்து, எடை மாறாத வரையில் மீண்டும் மீண்டும் நிறுத்தல் வேண்டும். மழைக்காற்றில் திறந்து வைத்தால் வெண்பொடி நீரை மீண்டும் கவர்ந்துகொள்ளும். மிகையாகக் காய்ச்சினாலோ உப்பே சிதைந்து கருகும்.

தோட்டக்காரருக்கும் இக்கணக்கு பயன்படும். நீர் முற்றும் நீங்கிய வெண்பொடியாயின் 640 கிராமே ஒரு கிலோ படிகத்திற்கு ஈடாகும். அதையும் ஒரு கிலோவாக நிறுத்துக் கலந்தால் தாமிரம் மிகுந்து இலை கருகக்கூடும். ஐயமிருப்பின், தீட்டிய இரும்புக் கத்தியைக் கலவையில் சிறிது நேரம் தோய்த்து எடுங்கள். கத்தியில் செந்நிறம் படிந்தால் இன்னும் சுண்ணாம்புப் பால் சேர்க்க வேண்டும்.