உலோகத்திற் கலந்த அந்நிய அணுக்கள்

கொள்ளிடத்தின் வடகரையிலுள்ள திருமானூரிலே, அக்கினி நட்சத்திர நாளொன்றில், நிழலிலே சுத்தமான குரோமியத் துண்டு ஒன்றை வைத்திருப்பதாகக் கொள்வோம். கண்ணுக்கு யாதொரு மாறுதலும் தோன்றாது. எனினும் நண்பகலில் உஷ்ணம் 38 டிகிரி சென்டிகிரேடைக் கடக்குங்கால் அதனுள்ளிருந்த காந்த ஒழுங்கு குலைந்துபோம். இரவு குளிர்ந்ததும் மீளவும் உண்டாம். இரும்பு தன் காந்த ஒழுங்கை இழக்க அதனை 770 டிகிரி வரை காய்ச்சுதல் வேண்டும். குரோமியத்துக்கோ நம் நாட்டு வெயிலே போதும்.

இவ்வொழுங்கு இரும்பினுடையதைப் போன்றதன்று. இரும்பில் அணுக்காந்தங்கள் ஒரே திக்கை நோக்கும். குரோமியத்தில் அடுத்தடுத்துள்ளவை எதிரெதிராக நிற்பதால் ஒன்றன் வலியை மற்றொன்று அழித்துவிடுகிறது. ஆகையால் அது காந்த ஊசியை அசைப்பதில்லை. அன்றியும் அவ்வலி எங்கும் ஒரே அளவாயிராமல் அலைபோல ஏறியிறங்குகின்றது. அவ்வலையின் நீளம் படிகத்தின் அணுவடுக்கோடு சரியாகப் பொருந்துவதுமில்லை. நியூட்ரான் கதிர்களைச் செலுத்தியே அறிஞர் இதனைக் கண்டனர். உலோகத்தில் திரியும் எலெக்ட்ரான்களே இத்தகைய அலையை உண்டாக்கக்கூடும் என்பதை 1962-ஆம் ஆண்டில் ஓவர்ஹௌசர் என்பவர் எடுத்துக்காட்டினார். குரோமியத்தில் அஃது எழுதற்குரிய காரணத்தை அதே ஆண்டில் லோமர் விளக்கினார்.

அக்காரணம் யாதெனில்: எலெக்ட்ரான்களின் இயக்கத்தைப் படமாக வரைவோமாயின், அவை நிரம்பிய பகுதி ஒன்றும் அவை இல்லாத வெற்றுப்பகுதி ஒன்றும் உருவில் ஏறக்குறைய ஒத்திருக்கும், சம்புடமும் அதன் மூடியும் போல என்னலாம். நிரம்பிய பகுதி சற்றே சிறியது. பொருத்தம் நெருங்க நெருங்க ஒழுங்கு உறுதிப்படும்.

இங்கேதான் அந்நிய அணு தன் வேலையைக் காட்டுகிறது. வனேடியத்துக்குக் குரோமியத்தைவிட ஓர் எலெக்ட்ரான் குறைவு. அதனைக் கலந்தால் சிறிய பகுதி இன்னுஞ் சிறுத்துப் பொருத்தம் கெடும். நூற்றுக்கு ஏறக்குறைய மூன்றரைப் பங்கு கலந்த மாத்திரத்தில் ஒழுங்கு முற்றும் மறைந்துபோம். மாங்கனீஸுக்கோ ஓர் எலெக்ட்ரான் மிகுதி. நூற்றுக்கு ஒரு பங்குக்குங் குறைவாகக் கலப்பினும் இரு பகுதிகளும் சமமாகி, அலை அணுவடுக்கோடு இசைந்துவிடும். ஒழுங்கு குலையும் உஷ்ணநிலையும் உயரும்.

எலெக்ட்ரான்களில் ஒரு பகுதி இவ்வொழுங்கிற் சிக்கிக்கொள்வதால் மின்சாரத்தைக் கடத்த அவை உதவுவதில்லை. ஆதலால் 38 டிகிரிக்குக் கீழே மின்தடை சிறிது மேடிட்டு நிற்கும். மாணவர் இம்மேட்டைக் கொண்டே ஒழுங்கின் எல்லையைக் கண்டுகொள்ளலாம். துண்டைச் சம்மட்டியால் அடித்தாலும் அவ்வெல்லை பிசகும் என்பதை நினைவிற் கொள்க.

காந்தத்தையும் மின்தடையையும் ஒருங்கே ஆராய்ந்தவர் நம்மவருள்ளும் உளர். வத்திராயிருப்பிலே 1898-ல் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன் மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் கற்றவர். படிகங்களின் காந்த குணத்தை டாக்காவில் அளந்தறிந்தார். பின்னர் பாட்டியா என்பாருடன் கலப்புலோகங்களின் மின்தடையையும் ஆராய்ந்தார். அவர் 1961-ல் மறைந்தார். குரோமியத்தின் விளக்கம் அதற்கு மறுவருஷமே வெளிவந்தது.

திருமானூர்த் துண்டுக்கு மீள்வோம். அதில் நூற்றுக்கு ஒரு பங்கு வனேடியம் கலந்திருக்குமாயின், இரவு எவ்வளவு குளிரினும் அவ்வொழுங்கு தோன்றாது. பனிக்கட்டியில் புதைத்து வைப்பினும் தோன்றாது; உதகமண்டலத்து மார்கழி இரவும் அதற்குப் போதாது.