மினுக்கிய துவக்கு பேசாது

எங்கட மூத்தாப்பாவிடம் ஒரு பழைய துவக்கு இருந்தது. வயலுக்குள் பன்றி இறங்காமல் காவலிருந்த காலத்தில் லைசன்ஸோடு வைத்திருந்தது. அவர் மௌத்தானதும் லைசன்ஸைத் தன் பேருக்கு மாற்றிக்கொண்ட பெரியவாப்பா, "கறள் பிடிச்சு வீணாப் போகுதே" என்று அதை ஒரு பட்டறையில் கொடுத்தார். கறுகறுவென்று மினுங்கிக்கொண்டு திரும்பி வந்தது. வீட்டில் எல்லாருக்கும் சந்தோசம். சில வருசம் கழித்து, அது எங்கே செய்யப்பட்டது, யார் செய்தது என்று நான் தேடத் தொடங்கியபோதுதான் குழலின் அடியில் இருந்த முத்திரைகள் காணாமல் போயிருப்பது தெரிந்தது. "என்னமோ எழுத்துக் கிடந்ததுதான் மகன், கறள் எண்டு நினைச்சுத் தேச்சிட்டாங்க" என்றார் பெரியவாப்பா.

பழைய ஆயுதத்தைப் புதிதாக்குவதா, இருந்தபடியே பேணுவதா என்ற கேள்வி பணக்காரச் சேகரிப்பாளர்களுக்கு மட்டும் உரியதல்ல. நம் வீடுகளில் கிடக்கும் சாட்சியங்களைப் பற்றிய கேள்வி அது.

துவக்கின் மேல் தெரியும் நிறம் பெயின்ட் அல்ல. இரும்பு இரண்டு விதமாகத் துருப்பிடிக்கும். சிவப்புக் கறள் இரும்பைத் தின்னும். கறுப்பு ஒக்சைட்டோ மேலே மெல்லிய தோலாகப் படிந்து, எண்ணெயைப் பிடித்து வைத்து, இரும்பைக் காக்கும். பழைய கம்மாளர்கள் இதை நன்கு அறிந்திருந்தார்கள். குழலில் வேண்டுமென்றே மெல்லிய கறளை வரவைத்து, கொதிநீரில் அவித்து, கம்பித் தூரிகையால் துடைத்து, திரும்பத் திரும்ப இதையே செய்வார்கள். பல நாள் வேலை. ஈற்றில் கிடைப்பதுதான் அந்த ஆழ்ந்த நீலக் கறுப்பு. அவிக்காமல் விட்டால் பழுப்பு நிறம் நிற்கும். ஆகவே மேற்பூச்சு என்பது அந்தத் தொழிலாளியின் கையெழுத்து.

இன்று பட்டறைகளில் நடப்பது வேறு. முதலில் எமரித் தாளால் தேய்த்துக் குழிகளை மட்டமாக்குவார்கள். அதிலேயே எழுத்தின் ஓரங்கள் மழுங்கிவிடும். பிறகு கோஸ்டிக் சோடா கலந்த உப்புக் கரைசலில், ஏறத்தாழ 140 பாகை செல்சியஸ் சூட்டில் அமிழ்த்துவார்கள். புதிய துவக்குக்கு இது பொருந்தும். ஈயப் பற்றுவைத்து ஒட்டிய பழைய இரட்டைக் குழல் துவக்கை இதில் போட்டால் பற்றே கரைந்து, குழல்கள் கழன்றுவிடக்கூடும்.

இழப்பு எவ்வளவு பெரியது என்பதற்கு திப்பு சுல்தானின் துவக்குகளைப் பாருங்கள். ஸ்ரீரங்கப்பட்டணத்துப் பட்டறைகளில் செய்யப்பட்ட அவற்றில் புலிவரி அலங்காரமும், செய்த இடமும், 'மவ்லூதி' ஆண்டும் பொறிக்கப்பட்டன. திப்பு அந்த ஆண்டின் இலக்கங்களை வலமிருந்து இடமாக எழுதவைத்தார். ஏறக்குறைய 1796ஐக் குறிக்கும் 1224, துவக்கில் 4221 போலத் தெரியும். 1799இல் திப்பு ஷஹீதானபின் பல துவக்குகள் பிரித்தானியாவுக்குப் போய்ச் சேர்ந்தன. அவை திப்புவின் பட்டறைக்குரியவை என்று இன்று நாம் உறுதியாகச் சொல்வதற்கு அந்தச் சிறிய பொறிப்புகளே பெருந்துணை. ஒரு மணித்தியாலத் தேய்ப்பில் அவை போய்விடும்.

தங்க வேலைப்பாடும் அப்படித்தான். 'கொஃப்த்கரி' என்ற முறையில், இரும்பின் மேல் குறுக்கும் நெடுக்கும் கீறி, அந்தச் சொரசொரப்பில் மெல்லிய தங்கக் கம்பியை அடித்துப் பதிப்பார்கள். துவக்கிலும் வாளிலும் இறைநாமங்கள் இவ்வாறு எழுதப்பட்டன. அது ஆழமாகப் பதிந்த தங்கமல்ல. மேலோடு ஒட்டிய தங்கம். அழுத்தித் தேய்த்தால் எழுத்தே தூளாகிவிடும்.

நம் தீவுக்கும் இதில் பங்குண்டு. 9ஆம் நூற்றாண்டில் அல்கிந்தி கலீபா முஃதஸிமுக்காக எழுதிய வாள்கள் பற்றிய நூலில் ஸரந்தீப் வாள்களும் குறிப்பிடப்படுகின்றன. கிழக்கத்திய மூசை உருக்கின் நீரோட்டம் போன்ற கோடுகள் அதிக சூட்டில் அழிந்துவிடும். பழைய வாளை மறுபடி உலையில் வைப்பவர் அந்த உருக்கின் அடையாளத்தையே எரித்துவிடுகிறார்.

1765இல் கண்டியிலிருந்து ஒல்லாந்தர் கொள்ளையிட்டுப் போன லெவுகே பீரங்கி 2023இல் திரும்பி வந்தது. அதோடு இரண்டு துவக்குகளும் வந்தன. பீரங்கியின் மேல் கண்டி அரசின் சூரிய, சந்திர, சிங்கச் சின்னங்கள் தெளிவாக நிற்கின்றன. பொருள் யாருடையது என்ற வழக்கில் இத்தகைய அடையாளங்கள் வாய்திறந்து சாட்சி சொல்கின்றன.

அப்படியென்றால் எதையுமே தொடக்கூடாதா? அப்படியல்ல. சிவப்புக் கறள் பரவிக்கொண்டிருந்தால் பேணுகிறோம் என்று சும்மா இருப்பது அழிவுக்குத் துணைபோவதுதான். மெல்லிய எண்ணெய் விட்டு ஊறவைத்து, மென்மையான துணியால் பொறுமையாகத் துடைக்க வேண்டும். அசிட், வினாகிரி, எமரி எதுவும் ஆகாது. விரல் வியர்வையின் உப்பு கறளைக் கிளப்பும். ஆகவே கையுறை நல்லது. தோலுறைக்குள் மூடி வைக்கக் கூடாது. தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும். கடற்கரை ஊர்களில் இது இன்னும் முக்கியம். முருக்கிய இரும்புப் பட்டைகளால் செய்த பழைய குழலில் இன்றைய தோட்டாவை வெடிக்கக் கூடாது. தேய்த்து மெலிந்த குழல் வெடித்துக் கையைக் கொண்டுபோகும்.

மேற்பூச்சு முற்றாகப் போய், முத்திரையோ வேலைப்பாடோ எதுவும் இல்லாத, இன்னும் வயலுக்குப் பயன்படும் சாதாரணத் துவக்கைப் புதுப்பிப்பதில் குறையில்லை. அப்போதும் முதலில் எல்லாப் பக்கத்தையும் படம் பிடித்து, எழுத்துகளையும் இலக்கங்களையும் ஒரு கொப்பியில் எழுதி வைக்க வேண்டும். எப்போது, என்ன செய்தோம் என்பதையும் குறிக்க வேண்டும். லைசன்ஸில் உள்ள இலக்கம் அழிந்தால் சட்டச் சிக்கலும் சேர்ந்து வரும்.

ஒரு விதியை மட்டும் மறக்க வேண்டாம்: பேணிவைத்ததை நாளைக்கும் புதுப்பிக்கலாம், புதுப்பித்ததை ஒருபோதும் பழையபடி ஆக்க முடியாது. அரபுத் தமிழ் ஏடுகளின் ஓரங்களை வெட்டி நேராக்கிப் புது அட்டை கட்டியபோது, ஓரக்குறிப்புகளை எழுதியவர்களின் பேர்களையும் சேர்த்து வெட்டினோமே, அதே பிழைதான் இதுவும்.

பெரியவாப்பாவின் துவக்கு இன்னும் மினுங்குகிறது. அதனிடம் கேட்க எனக்கு நிறையக் கேள்விகள் உண்டு. அதற்குத்தான் இனி வாயில்லை.