கணக்கில் நாம் எத்தனை பேர்?

அக்கரப்பத்தனைப் பக்கம் எந்த லயத்திலும் வயசான ஆட்களிடம் கேட்டுப் பாருங்கள். "எங்க சித்தப்பா குடும்பம் கோச்சி ஏறி இந்தியாவுக்குப் போயிருச்சு" என்பார்கள். மொத்தம் எத்தனை பேர் என்று கேட்டால், ஒருவர் ஆறு இலட்சம் என்பார், இன்னொருவர் ஐந்து இலட்சம் என்பார். இரண்டுமே அரசாங்கக் கணக்குத்தான். அப்படியானால் ஏன் இந்த வித்தியாசம்?

நம்ம கொழுந்துக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். மலையில் எடுத்தது ஒன்று. கழிவு போக நிறுவையில் விழுவது ஒன்று. ஸ்டோரில் தூளாகி வருவது இன்னொன்று. மூன்றும் உண்மை, ஆனால் மூன்றும் ஒன்றல்ல. குடியகல்வுக் கணக்கும் இப்படித்தான்.

முதலாவது, ஒப்பந்தக் கணக்கு. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தில் நாடற்றவர்கள் 9 இலட்சத்து 75 ஆயிரம் பேர் என்று கொள்ளப்பட்டது. இந்தியாவுக்கு 5 இலட்சத்து 25 ஆயிரம், இலங்கைக்கு 3 இலட்சம். மிச்சம் ஒன்றரை இலட்சம் பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பிரித்தன. ஆக, இந்தியாவின் பங்கு 6 இலட்சம். இது போனவர் தொகையல்ல, எடுப்பதாக ஒத்துக்கொண்ட தொகை. பிறகு பிறந்த பிள்ளைகளும் இதில் சேரவில்லை.

இரண்டாவது, விண்ணப்பக் கணக்கு. இந்தியப் பிரஜாவுரிமை கேட்டவர்கள் சுமார் 5 இலட்சத்து 6 ஆயிரம் பேர்தான். 94 ஆயிரம் குறைந்தது. அந்த 94 ஆயிரம் பேருக்கு இலங்கைப் பிரஜாவுரிமை கொடுக்க 1986இல் சட்டம் வந்தது.

மூன்றாவது, உண்மையில் கப்பலேறியவர் கணக்கு. 1984இல் தலைமன்னார் கப்பல் நின்றது. இந்தியப் பாஸ்போர்ட் எடுத்தும் போக முடியாமல் பலர் தோட்டத்திலேயே தங்கிவிட்டார்கள். இங்கேயே பிறந்து, இங்கேயே பிரட்டுக்குப் போனவர்கள், ஏட்டில் மட்டும் "விசா முடிந்த வெளிநாட்டவர்" ஆனார்கள். இந்த நிலையை மாற்ற வந்ததுதான் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம். 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக இருந்தவர்களுக்கும் அவர்களுடைய சந்ததியினருக்கும் அது பிரஜாவுரிமை தந்தது.

ஆகவே, "இத்தனை ஆயிரம் பேர் சட்டவிரோதமாக இருக்கிறார்கள்" என்று எங்கே வாசித்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள். எண்ணியது ஆட்களையா, விண்ணப்பங்களையா? ஒரு விண்ணப்பத்தில் ஒரு குடும்பமே இருக்கலாம். எந்த வருஷத்துக் கணக்கு? பிள்ளைகள் சேர்த்தியா, இல்லையா?

கடைசியாக ஒன்று. ஏட்டில் ஒரு பெயர் விடுபட்டால் அரசாங்கத்துக்கு அது ஓர் எண். நமக்கோ அது அம்மாவின் அடையாள அட்டை, மகனின் வேலை, மகளின் வாக்கு. தாத்தாவின் பழைய பிரஜாவுரிமைப் பத்திரம், பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் நனையாமல், கரையான் அரிக்காமல் பத்திரப்படுத்துங்கள். பெயரில் ஓர் எழுத்துப் பிழை இருந்தாலும் "பார்த்துக்கலாம்" என்று விடாமல் இப்போதே திருத்திக்கொள்ளுங்கள்.