‘மூழ்குதல்’: பொருளும் வழக்கும்

குவீன்ஸ்டவுன் வட்டாரத் தமிழ் வகுப்பொன்றில், 2010ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் ஆர்ச்சர்ட் சாலையில் ஏற்பட்ட வெள்ளத்தைப் பற்றி மாணவர் ஒருவர் எழுதிய கட்டுரையில், ‘வெள்ளம் கடைகளை மூழ்கியது’ என்னும் தொடரைக் கண்டோம். செய்தி விளங்குகிறது, எனினும் தொடர் பிழையானது. இதற்குக் காரணம் கவனக்குறைவு அன்று. ‘மூழ்கு’ என்னும் வினையின் இயல்பு உணர்த்தப்படாமையே எனக் கருதுகிறோம்.

‘மூழ்கு’ செயப்படுபொருள் குன்றிய வினை. நீருக்குள் செல்லும் பொருளே அதற்கு எழுவாய். நீர் ஏழாம் வேற்றுமை ஏற்று நிற்கும். ஆகவே, ‘கடைகள் வெள்ளத்தில் மூழ்கின’ என்பதே முறை. வெள்ளத்தை எழுவாயாக்கினால் வினை பிறவினையாதல் வேண்டும்: ‘வெள்ளம் கடைகளை மூழ்கடித்தது’. ‘தோற்கடி’, ‘சாகடி’ என்பவற்றைப் போல ‘அடி’ சேர்ந்து பிறவினையானது இச்சொல். ஆங்கிலத்திலோ வெள்ளத்தைக் குறிக்கும் பெயர்ச்சொல்லே வடிவம் மாறாது வினையாகி, செயப்படுபொருளையும் ஏற்கும். இருமொழிச் சூழலில் வளரும் சிங்கப்பூர் மாணவர் அவ்வமைப்பைத் தமிழிலும் கையாள்வதில் வியப்பில்லை.

இவ்வினை அழிவை மட்டும் குறிப்பதன்று. ஆற்றில் மூழ்கி எழுதல் விரும்பிச் செய்யும் நீராடல். இதன் மற்றொரு வடிவமாகிய ‘முழுகு’ பேச்சுவழக்கில் மேலும் விரிவு பெற்றுள்ளது. ஒருவரைத் ‘தலைமுழுகுதல்’ அவருடன் உறவை அறுத்துக்கொள்ளுதல். ‘முழுகாமல் இருக்கிறாள்’ என்பது, மாதவிலக்கு நின்றமையால் அதற்குரிய தலைமுழுக்கு நிகழாமையைச் சுட்டி, கருவுற்றிருத்தலைக் குறிப்பாக உணர்த்துவது. அடகு வைத்த நகை உரிய காலத்தில் மீட்கப்படாது கைவிட்டுப் போனால் ‘நகை மூழ்கிவிட்டது’ என்பர். அங்கு நீர் இல்லை. மீளாத இழப்பு என்னும் பொருளே எஞ்சி நிற்கிறது.

‘படிப்பில் மூழ்கினான்’, ‘கடனில் மூழ்கினான்’ என்னும் தொடர்களை ஒப்புநோக்குவோம். வினையும் ஒன்றே, வேற்றுமை உருபும் ஒன்றே. முன்னதில் ஈடுபாடும் பின்னதில் மீள இயலாத் துன்பமும் புலப்படுகின்றன. இவ்வேறுபாட்டைத் தருவது சார்ந்து வரும் பெயரே.

ஆதலின், ‘மூழ்கு’ என்பதற்கு ஒரு சொல்லில் பொருள் கூறி அமைதல் போதாது. ‘எது மூழ்கியது? எதில் மூழ்கியது? எது மூழ்கடித்தது?’ என்னும் மூன்று வினாக்களுடன் அதனைப் பயிற்றுவித்தல் வேண்டும். அம்மாணவர் ‘எது’, ‘எதில்’ என்று தம்மைத் தாமே வினவியிருப்பின், பிழையைத் தாமே திருத்தியிருப்பார்.