மின்காப்புப் பிசின்களும் குறை உமிழ்வும்: கடையநல்லூர் வட்டார நீரிறைப்பு மோட்டார்களை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

மோட்டார்ச் சுருளைக் காக்கும் வார்னிஷ், பிசின் ஆகியவற்றில் இளக்கத்துக்காகச் சேர்க்கப்படும் நீர்மம் இறுதியில் எங்கே செல்கிறது என்பதே உமிழ்வின் அளவைத் தீர்மானிக்கிறது. கரைப்பான் வார்னிஷ், ஸ்டைரீன் பிசின், குறை உமிழ்வுப் பிசின் ஆகியவற்றை இந்த அடிப்படையில் இக்கட்டுரை ஒப்பிடுகிறது. சிறிய பழுதுநீக்கும் கடைகளுக்குப் புதிய பிசின்கள் சென்று சேர்வதில் உள்ள தடைகளையும் சுட்டுகிறது.

திறவுச்சொற்கள்: மின்காப்பு, பிசின், வார்னிஷ், ஸ்டைரீன், ரீவைண்டிங், குறை உமிழ்வு

முன்னுரை

கடையநல்லூர் மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில், தென்காசி மாவட்டத்தில் அமைந்துள்ளது. குளத்துப் பாசனத்தோடு கிணற்றுப் பாசனமும் கலந்த இத்தகைய வட்டாரங்களில் நீரிறைக்கும் மோட்டார் வேளாண்மையின் இன்றியமையாக் கருவியாகும். மின்னழுத்தக் குறைவாலோ, மும்முனை மின்சாரத்தில் ஒரு முனை அறுபடுவதாலோ மோட்டார் எரிந்துபோனால் அது ரீவைண்டிங் கடைக்கு வருகிறது. அங்குப் பழைய சுருளை அகற்றி, எனாமல் பூசிய புதிய செப்புக் கம்பியைச் சுற்றி, வார்னிஷில் தோய்த்து உலர்த்துவர். அவ்வாறு உலரும்போது வெளியேறும் ஆவியை முதலில் சுவாசிப்பவர் அருகில் நிற்கும் தொழிலாளியே.

நீர் நிரப்பிய நீர்மூழ்கி மோட்டார்கள் பலவற்றில் நெகிழி உறையிட்ட கம்பி பயன்படுவதால் அவற்றுக்கு வார்னிஷ் தேவையில்லை. மோனோபிளாக் முதலிய உலர்வகை மோட்டார்களையே இங்குக் கூறப்படுவன குறிக்கும்.

பிசினின் பணி

கம்பியின் மேலுள்ள எனாமலே முதன்மையான மின்காப்பு. அதன்மேல் ஊட்டப்படும் பிசின் மூன்று பணிகளைச் செய்கிறது: அதிர்வில் கம்பிகள் உரசாமல் பிணைக்கிறது, ஈரத்தைத் தடுக்கிறது, கம்பிகளுக்கிடையே உள்ள காற்று இடைவெளிகளை நிரப்பி வெப்பம் வெளியேற வழிசெய்கிறது. இயங்கு வெப்பநிலை ஏறத்தாழ 10 பாகை செல்சியஸ் உயர்ந்தால் மின்காப்பின் ஆயுள் பாதியாகும் என்பது பொறியாளர் கைக்கொள்ளும் பொதுவிதி. எனவே இடைவெளி நிரம்புவது மோட்டாரின் ஆயுளைத் தீர்மானிக்கும் காரணிகளுள் ஒன்றாகிறது.

இப்பணிக்குத் தொடக்கத்தில் பயன்பட்ட பொருள்களுள் இந்தியக் காடுகளில் விளையும் அரக்கும் ஒன்று. அதற்கு மாற்றுத் தேடிய லியோ பேக்லாண்ட் 1907இல் உருவாக்கிய பேக்கலைட்டிலிருந்தே செயற்கை மின்காப்புப் பிசின்களின் காலம் தொடங்கிற்று.

நீர்மம் செல்லும் வழி

பிசின் கெட்டியானது. சுருளின் நுண்ணிடைகளில் புக அதனை இளக்க வேண்டும். மரபான வார்னிஷில் சைலீன் போன்ற கரைப்பான் இதனைச் செய்கிறது. வார்னிஷின் எடையில் பாதி கரைப்பான் எனக் கொண்டால், ஒரு சுருள் ஏற்கும் 400 கிராமில் 200 கிராம் காற்றில் கலந்துவிடும். அது விட்டுச்சென்ற இடம் வெற்றிடமாவதால் மீண்டும் தோய்க்க நேர்கிறது, உமிழ்வும் மிகுகிறது.

நிறைவுறாப் பாலியெஸ்டர் பிசினில் கரைப்பானுக்கு மாற்றாக ஸ்டைரீன் சேர்க்கப்படுகிறது. சூடாக்கும்போது இது பிசினோடு வேதிப்பிணைப்புற்றுத் திண்மத்தின் பகுதியாகிறது. ஆயினும் எளிதில் ஆவியாகும் தன்மையால் பிணைப்புறும் முன்பே ஒரு பகுதி தப்பிவிடுகிறது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2018இல் ஸ்டைரீனை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது எனக் கருதப்படும் 2ஏ பிரிவில் சேர்த்தது.

குறை உமிழ்வுப் பிசின்கள் இந்தத் தப்புதலையே தடுக்கின்றன. ஸ்டைரீனைவிட மெதுவாக ஆவியாகும் வினைல் டொலுவீன், அதனினும் மெதுவாக ஆவியாகும் மெத்தக்ரிலேட்டுகள் ஆகியவற்றை இளக்கியாகக் கொள்வது ஒரு வழி. இளக்கியே இல்லாமல், பிசினைச் சூடாக்கி இளகச்செய்து ஊட்டுவது மற்றொரு வழி. நீரை ஊடகமாகக் கொள்வது மூன்றாவது வழி. முதலிரு வழிகளிலும் ஊட்டிய பிசினின் பெரும்பகுதி சுருளிலேயே தங்குவதால் இடைவெளிகள் நன்கு நிரம்புகின்றன. ஆக, உமிழ்வைக் குறைப்பதும் மின்காப்பைச் செம்மையாக்குவதும் இங்கு ஒரே செயலாகின்றன.

எனினும் குறை உமிழ்வு என்பது தீங்கின்மை ஆகாது. மெத்தக்ரிலேட்டுகள் தோலில் ஒவ்வாமையைத் தோற்றுவிக்கக்கூடும், கையுறை இன்றியமையாதது.

சிறு கடைகளின் நிலை

ஆலைகளில் பிசின் ஊட்டுவதும் சூடாக்குவதும் மூடிய கலங்களிலும் ஓவன்களிலும் நிகழ இயலும். சிறு கடையில் தோய்த்தலும் உலர்த்தலும் பெரும்பாலும் திறந்தவெளியிலோ மின்விளக்கின் வெம்மையிலோ நடைபெறுகின்றன. குற்றாலச் சாரல் பருவத்தின் ஈரக்காற்றில் காற்றில் உலரும் வார்னிஷ் தாமதமாகவே உலரும். உழவரோ மோட்டாரை விரைந்து கேட்பார். குறை உமிழ்வுப் பிசின்கள் பலவற்றுக்கு ஏறத்தாழ 130 முதல் 160 பாகை வரையிலான சீரான வெப்பம் வேண்டும். வினையூக்கி கலந்த பிசினை நெடுநாள் வைத்திருக்கவும் இயலாது.

சட்டப் பாதுகாப்பும் இக்கடைகளை எளிதில் எட்டுவதில்லை. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், மின்விசையோடு 10 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் இடத்தையே பொதுவாகத் தொழிற்சாலை என வரையறுத்தது. ஓரிருவர் உழைக்கும் கடை அவ்வரையறைக்கு வெளியே நின்றது.

முடிவுரை

இளக்கும் நீர்மம் காற்றில் கலக்கிறதா, சுருளில் தங்குகிறதா என்ற ஒரு வினாவே இப்பொருள்களின் தரத்தையும் தீங்கையும் ஒருங்கே அளக்க உதவுகிறது. பிசின் வேதியியல் இதற்கு விடை கண்டுவிட்டது. ஆனால் அவ்விடை ஓவன் உள்ள இடத்தில் மட்டுமே பயன்தருகிறது. பல கடைகள் கூட்டாகப் பயன்படுத்தும் ஓவன், சிறு அளவுக் கலன்களில் பிசின் விற்பனை, தொழிற்பயிற்சி நிலையங்களில் இதற்கான செய்முறைப் பாடம் ஆகியவை அமைந்தாலன்றி, ஆவியை மிகுதியாகச் சுவாசிக்கும் தொழிலாளிக்கு இந்த மாற்றம் கடைசியாகவே வந்துசேரும்.