கறவை மாடுகளுக்கு வருஷத் தீவனக் கணக்கு

கறவை மாடு வளர்ப்போர் பாலுக்குக் கணக்கு வைப்பதுண்டு. தீவனத்திற்குக் கணக்கு வைப்போர் சிலரே. சென்னையின் வடபாகத்தில் கொருக்குப்பேட்டை போன்ற நெருக்கமான இடங்களில் மேய்ச்சல் தரை கிடையாது. தீவனத்தை விலைக்கே வாங்க வேண்டும். அது தீர்ந்தால் மாட்டைத் தெருவில் அவிழ்த்துவிட நேரிடுகிறது. குப்பையில் மேயும் மாடு விழுங்கும் பாலிதீன் பைகள் செரிக்காமல் முதல் இரைப்பையில் திரண்டு, பசியைக் கெடுத்து, பாலைக் குறைத்து, உயிருக்கும் அபாயம் விளைவிக்கின்றன. ஆதலால் தீவனத்தை முன்கூட்டிச் சேகரிப்பது மாட்டையே காப்பதாகும்.

தேவை: சுமார் 400 கிலோ எடையுள்ள பசுவுக்குத் தினம் பசுந்தீவனம் 20 கிலோவும் வைக்கோல் 5 கிலோவும் வேண்டும். கலப்புத் தீவனம் உடலைப் பேண 1.5 கிலோவும், கறக்கும் ஒவ்வொரு 2.5 லிட்டர் பாலுக்கு 1 கிலோ வீதமும் அளித்தல் முறை. இதன்படி நான்கு பசுக்களுக்கு வருஷத்திற்கு வைக்கோல் 7,300 கிலோவும் பசுந்தீவனம் 29,200 கிலோவும் தேவையாகும்.

வைக்கோல்: சம்பா அறுவடை முடியும் தை, மாசி மாதங்களில் பொன்னேரி வட்டாரத்தில் வைக்கோலை வாங்குவது நலம். நகரத்தில் இடமில்லாதோர் நிலச்சுவான்தாருடன் விலை பேசி முடித்து, போரை அவர் களத்திலேயே வைத்து மாதந்தோறும் ஏற்றி வரலாம். இதனால் இருவருக்கும் லாபம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வட சென்னையில் வெள்ளம் தேங்கியதை நினைத்து, போரை உயர்ந்த மேடைமீதே போட வேண்டும். பூஞ்சை பிடித்த வைக்கோலைக் கொடுத்தலாகாது.

யூரியா பதனம்: வைக்கோலில் புரதம் மிகக் குறைவு. 4 கிலோ யூரியாவை 60 லிட்டர் நீரில் முற்றிலும் கரைத்து, 100 கிலோ வைக்கோலில் அடுக்கடுக்காகத் தெளித்து மிதித்து, காற்றுப் புகாமல் 21 நாள் மூடிவைத்தால் புரதம் ஏறக்குறைய இரட்டிக்கும். கொடுக்குமுன் சிறிது நேரம் காற்றாடப் பரப்புக. ஆறு மாதத்திற்குட்பட்ட கன்றுகளுக்கு இது ஆகாது. கரைசலை மாடு குடிக்க விடலாகாது, அது விஷமாகும்.

பசுந்தீவனம்: நீர்ப்பாசனமுள்ள 40 சென்ட் நிலத்தில் கம்பு நேப்பியர் கரணைகளை நட்டால் நான்கு பசுக்களுக்குப் போதும். முதல் அறுப்பு 75 நாட்களிலும், பின்னர் 45 நாட்களுக்கு ஒருமுறையும் கிடைக்கும். நிலத்தைப் பல பாத்திகளாகப் பிரித்து முறைவைத்து அறுத்தால் தினமும் புல் உண்டு.

கிராம அதிகாரிகள் அறுவடைக்குமுன் தத்தம் கிராமத்தில் வைக்கோல் விற்கக் கூடியவர்களின் ஜாபிதாவைத் தயாரித்து வைத்தால் நகரத்து மாட்டுக்காரருக்கும் குடியானவருக்கும் பேருதவியாகும். இது விஷயமாக ஐயமுள்ளோர் அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் விசாரித்துக் கொள்ளலாம்.