மரத்தில் மீளும் வாசா – 9: நான்கு அளவுகோல்கள், இரண்டு அடிகள்

ஏராவும் வங்குகளும், அதாவது கப்பலின் அடிமுதுகாக நீளும் மரமும் அதிலிருந்து இருபுறமும் எழும் விலா மரங்களும், சென்ற இதழோடு முடிந்தன. அவற்றை மீண்டும் விளக்க இங்கு இடமில்லை. இந்த வாரம் பாய்மரங்களையும் கயிறுகளையும் பற்றியது என அறிவிக்கப்பட்டிருந்தது. ஆயினும், உடற்பலகைகளை ஒட்டத் தொடங்கும் முன் தீர்த்தாக வேண்டிய கேள்வி ஒன்று எஞ்சி நிற்கிறது. கப்பலை 75-இல் ஒரு பங்காகச் சுருக்குவதாகச் சொல்லும்போது, சுருக்கப்படுவது எந்த நாட்டு அடி என்பதே அக்கேள்வி.

1628 ஆகஸ்ட் 10 அன்று முதல் பயணத்திலேயே ஏறத்தாழ 1,300 மீட்டர் மட்டும் சென்று ஸ்டாக்ஹோம் துறைமுகத்தில் மூழ்கி, 1961 ஏப்ரல் 24 அன்று நீருக்கு மேலே கொண்டுவரப்பட்ட வாசாவிலிருந்து ஆயிரக்கணக்கான பொருள்கள் அகழ்ந்தெடுக்கப்பட்டன. அவற்றுள் பீரங்கி வண்டிகளையும் சிற்பங்களையும் விட இத்தொடருக்கு முதன்மையானவை, தச்சர்கள் பயன்படுத்திய நான்கு மர அளவுகோல்கள். அவற்றில் இரண்டு, 12 அங்குலம் கொண்ட ஸ்வீடன் அடியில் பகுக்கப்பட்டவை. மற்ற இரண்டு, 11 அங்குலம் கொண்ட ஆம்ஸ்டர்டாம் அடியில் பகுக்கப்பட்டவை. ஒரே கப்பலில், ஒரே தச்சுக்கூட்டத்தின் கைகளில், இரண்டு அடிகளும் இரண்டு அங்குலங்களும் புழங்கியிருக்கின்றன என்பதற்கு இதைவிட நேரான சான்று வேண்டியதில்லை.

ஸ்வீடன் அடி ஏறத்தாழ 297 மில்லிமீட்டர், ஆம்ஸ்டர்டாம் அடி ஏறத்தாழ 283 மில்லிமீட்டர் என்பதால் அடியில் பெரியது ஸ்வீடனுடையது. ஆனால் அந்தப் பெரிய அடி 12 பங்காகவும் சிறிய அடி 11 பங்காகவும் பிரிக்கப்படுவதால், அங்குலத்தில் வரிசை தலைகீழாகிவிடுகிறது: ஸ்வீடன் அங்குலம் 24.7 மில்லிமீட்டர், ஆம்ஸ்டர்டாம் அங்குலம் 25.7 மில்லிமீட்டர். பூக்காரரின் முழம் கைக்குக் கை மாறுவது எவரும் அறிந்ததே. ஆனால் அங்கே முழம் நீண்டால் அதன் பாதியும் சேர்ந்தே நீளும். இங்கோ பெரிய அடியின் பங்கு சிறியது, சிறிய அடியின் பங்கு பெரியது. அடியால் அளக்கப்படும் நீளங்கள் ஸ்வீடன் கோலில் கூடும், அங்குலத்தால் அளக்கப்படும் பருமன்கள் ஆம்ஸ்டர்டாம் கோலில் கூடும்.

இதன் முழு விளைவை உணர, அக்கால நெதர்லாந்துக் கப்பல் தச்சின் ஒரு விதியைப் பார்க்க வேண்டும். பிற்காலத்தில் ஆம்ஸ்டர்டாமின் மேயராக விளங்கிய நிக்கோலாஸ் விட்சன் 1671-இல் வெளியிட்ட கப்பல் கட்டுமான நூல், கப்பலின் நீளத்திலிருந்து மற்ற உறுப்புகளின் அளவுகளைப் பெறும் வாய்பாடுகளைத் தொகுத்துத் தருகிறது. அவற்றுள் அடிப்படையானது முகப்புமரத்தைப் பற்றியது. கப்பலின் முன்னுச்சியில் ஏராவோடு இணைந்து வளைந்தெழும் அம்மரத்தின் பருமன், கப்பலின் நீளத்தில் ஒவ்வொரு 10 அடிக்கும் 1 அங்குலம் என்ற கணக்கில் அமைய வேண்டும் என்பது விதி. பல உறுப்புகளின் பருமன் இந்த முகப்புமரத்தின் பருமனிலிருந்தே கணக்கிடப்பட்டதால், இந்த ஒரு விகிதம் கப்பல் முழுவதிலும் பரவுகிறது. வரைபடம் இல்லாமல் அளவுப் பட்டியலையும் கண்மதிப்பையும் மட்டுமே நம்பி ஆயிரக்கணக்கான கப்பல்களை நெதர்லாந்துத் தச்சர்கள் கட்ட முடிந்தது இத்தகைய விதிகளால்தான். கப்பற்கலை வரலாற்றில் இதற்கு உரிய பெருமை இன்னும் முழுமையாகத் தரப்படவில்லை என்றே சொல்ல வேண்டும்.

இப்போது 100 அடி நீளமுள்ள ஒரு கப்பலுக்கு அவ்விதியை இரண்டு கோல்களிலும் இட்டுப் பார்க்கலாம். ஆம்ஸ்டர்டாம் கோலில் நீளம் 28.3 மீட்டர், முகப்புமரம் 25.7 சென்டிமீட்டர். ஸ்வீடன் கோலில் நீளம் 29.7 மீட்டர், முகப்புமரம் 24.7 சென்டிமீட்டர். விதி ஒன்றே, எண்களும் ஒன்றே. ஆனால் இரண்டாவது கப்பல் முதலாவதைவிட ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் நீண்டிருந்தும் அதன் மரம் மெலிந்திருக்கிறது. தலைமைத் தச்சர் வாயால் சொன்ன எண்ணை ஒருவர் ஒரு கோலிலும் அடுத்தவர் மறு கோலிலும் அளந்தால், ஒருவரும் தவறு செய்யாமலேயே இரு வேறு மரங்கள் உருவாகிவிடும்.

வாசா கட்டப்பட்ட ஸ்டாக்ஹோம் தளத்தின் அமைப்பு இதற்கு இடம் தந்தது. அரசர் குஸ்டாவ் அடோல்பின் கடற்படைக்குக் கப்பல்கள் கட்டித்தர 1625 ஜனவரியில் ஒப்பந்தம் செய்தவர், நெதர்லாந்திலிருந்து வந்து குடியேறிய ஹென்ரிக் ஹிபெர்ட்சொன் என்ற தலைமைத் தச்சர். அவர் கீழ் நெதர்லாந்தினரும் ஸ்வீடன் நாட்டவரும் சேர்ந்து வேலை செய்தனர். வேலை முடியும் முன்பே, 1627-இல் அவர் நோயால் இறந்துவிட, அவருடைய உதவியாளராயிருந்த ஹெய்ன் யாக்கோப்சொன் பொறுப்பை ஏற்றார். ஒருவர் மனத்தில் மட்டுமே இருந்த உருவத்தை மற்றொருவர் முடித்து வைத்த கப்பல் அது.

மீட்கப்பட்ட உடற்பகுதியை மரம் மரமாக அளந்த வாசா அருங்காட்சியகத்தின் ஆய்வு, கப்பலின் இருபுறமும் ஒத்தவையல்ல என்பதைக் காட்டியிருக்கிறது. முகப்பை நோக்கி நிற்பவருக்கு இடக்கைப் பக்கமாக அமையும் இடப்புறத்தில், வலப்புறத்தைவிட மரம் மிகுதி. அக்காலக் கப்பல்கள் எவையும் இருபுறமும் துல்லியமாக ஒத்தவையல்ல என்றாலும், வாசாவில் இந்த வேறுபாடு இயல்பைக் கடந்தது. நான்கு அளவுகோல்களும் இந்த வேறுபாடும் ஒருங்கே பேசப்படுவதில் வியப்பில்லை.

கப்பல் மூழ்கியதற்கே அளவுகோல்கள்தான் காரணம் எனப் பரவலாக எழுதப்படுவதை மட்டும் இங்கு மறுத்தாக வேண்டும். நீர்மட்டத்துக்கு மேலே இருந்த கட்டுமானம் அளவுக்கு மிஞ்சிக் கனத்ததால் எடைமையம், அதாவது முழு எடையும் குவிந்து செயல்படும் புள்ளி, மிக உயரத்தில் அமைந்துவிட்டதே வாசாவைக் கவிழ்த்தது. அடித்தளத்தில் கல் நிரப்பிய அடிப்பாரம் அதை ஈடுசெய்யப் போதவில்லை. பயணத்துக்கு முன் 30 பேரை மேல்தளத்தில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு ஓடவிட்டுச் செய்த சோதனையில், மூன்றாவது ஓட்டத்திலேயே கப்பல் அஞ்சத்தக்க அளவு ஆடியதால் அட்மிரல் கிளாஸ் பிளெமிங் சோதனையை நிறுத்தச் செய்தார். அந்த ஆட்டத்துக்கும் இடப்புற மரப் பருமனுக்கும் உள்ள தொடர்பு சிறிது. உயரத்துக்கும் எடைக்கும் உள்ள தொடர்போ பெரிது. அளவுகோல்களின் மதிப்பு வேறிடத்தில் இருக்கிறது: கட்டிய கைகள் எவை என்பதை அவை சொல்கின்றன.

மாதிரிக் கப்பல் கட்டுபவருக்கு இதிலிருந்து எழும் சிக்கல் எளிதன்று. கடைகளில் கிடைக்கும் பெட்டித் தொகுப்புகளில் உடலின் வடிவைத் தாங்கும் குறுக்குப்பலகைகள் லேசரால் வெட்டப்பட்டவை. ஒரு பாதியை வரைந்து அதையே கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி மறுபாதியைப் பெறுகிறார்கள். ஆகவே அத்தகைய வாசாவின் இருபுறமும் மயிரிழையும் பிசகாமல் ஒத்திருக்கும். அது தலைமைத் தச்சர் எண்ணிய கப்பலே தவிர, தச்சர்கள் கட்டிய கப்பல் ஆகாது. மூன்றாவதாக ஒரு கப்பலும் உண்டு. 333 ஆண்டுகள் சேற்றில் கிடந்து, பின்னர் 1962 முதல் 1979 வரை பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற மெழுகு போன்ற பொருளின் கரைசல் தெளிக்கப்பட்டு, தாங்குமரங்களின் மேல் தன் எடையாலேயே மெல்ல உருமாறிவருவதால் தொடர்ந்து அளந்து கண்காணிக்கப்படும் இன்றைய வாசா அது. எண்ணியது, கட்டியது, எஞ்சியது ஆகிய மூன்றில் எதைச் சுருக்குவது என்பதை முதல் பலகைக்கு முன்பே முடிவுசெய்ய வேண்டும். இத்தொடரின் துணிபு, கட்டியதையே சுருக்க வேண்டும் என்பது. அதன்படி ஒவ்வொரு குறுக்குப்பலகையின் இடப்பாதியும் வலப்பாதியும் தனித்தனியே வரையப்பட்டுத் தனித்தனியே வெட்டப்பட வேண்டும். உழைப்பு ஏறத்தாழ இரட்டிக்கிறது என்பது உண்மை. ஆனால் பாதியைத் திருப்பிப் போட்டுப் பெறும் மாதிரியில் அந்த நான்கு கோல்களும் தடயமின்றி மறைந்துபோகின்றன.

75-இல் ஒரு பங்கு என்ற விகிதத்தில் இவ்வேறுபாடு கண்ணுக்குத் தெரியுமா என்ற ஐயம் நியாயமானது. முன்னே நீண்ட முன்சாய்வுப் பாய்மரத்தோடு சேர்த்து 69 மீட்டர் நீளமும், 52.5 மீட்டர் உயரமும் கொண்ட வாசா, இவ்விகிதத்தில் 92 சென்டிமீட்டர் நீளமும் 70 சென்டிமீட்டர் உயரமும் பெறுகிறது. கப்பலின் ஏழரை சென்டிமீட்டர் மாதிரியில் ஒரு மில்லிமீட்டராகிறது. 0.3 மில்லிமீட்டர் தடிமனுள்ள பென்சில் கோடு, கப்பலில் 22.5 மில்லிமீட்டர், அதாவது கோட்டின் தடிமனே ஏறக்குறைய ஒரு அங்குலத்தை விழுங்கிவிடுகிறது. எனவே அங்குலத்தில் உள்ள ஒரு மில்லிமீட்டர் வேறுபாட்டை இங்கே காட்ட இயலாது. நீளத்திலோ நிலைமை வேறு. 10 அடிப் பலகை ஒரு கோலில் 2.83 மீட்டர், மறு கோலில் 2.97 மீட்டர், மாதிரியில் இந்த வேறுபாடு ஏறத்தாழ 1.9 மில்லிமீட்டராக நிற்கும், பலகைகளின் இணைப்புகள் விழும் இடங்களை அது தெளிவாகவே மாற்றிவிடும். வாசா அருங்காட்சியகத்தில் அசல் கப்பலின் அருகே நிற்கும், வண்ணம் தீட்டி முழுப் பாய்களோடு அமைந்த மாதிரி 10-இல் ஒரு பங்கு என்ற பெரிய விகிதத்தில் கட்டப்பட்டதன் சிறப்பு இங்கே விளங்கும்: ஏறத்தாழ 7 மீட்டர் நீளமுள்ள அதில் அங்குலங்களுக்கும் இடமிருக்கிறது.

மரத்தேர்வும் இதே கணக்குக்கு உட்பட்டது. வாசா ஓக் மரத்தால் ஆனது என்பதால் மாதிரிக்கும் ஓக்கையே நாடுவது பலரின் இயல்பு. ஓக்கின் வளர்வளையங்களில் காணும் பெரிய நுண்துளைகள் 0.3 மில்லிமீட்டர் அளவுக்கு அகன்றவை. 75 மடங்காக்கினால் அவை விரல் நுழையும் ஓட்டைகள். பேரி மரமும் பாக்ஸ்வுட்டும் போன்ற, துளைகள் கண்ணுக்குப் புலப்படாத மரங்களே சுருக்கிய ஓக்காகத் தோற்றமளிக்கும்.

சுருக்கிய உருவங்களைப் பற்றிப் பேசும்போது, மீட்பு நாள்களில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 1961-இல் கப்பல் நீர்மட்டத்தை எட்டும் தறுவாயில், 17-ஆம் நூற்றாண்டுப் பொருள்களுக்கிடையே பின்லாந்தின் ஓட்ட வீரர் பாவோ நூர்மியின் சிறிய சிலையொன்று கிடைத்தது. சிற்பி வைனோ ஆல்டோனன் 1925-இல் வடித்த புகழ்பெற்ற சிலையின் சிறுவடிவம் அது. ஹெல்சிங்கியின் தொழில்நுட்ப மாணவர்கள் இரகசியமாக அதை நீருக்கடியில் கொண்டுபோய் வைத்திருந்தனர். வாசாவின் தளத்தில் கிடைத்த ஒன்று அளவுமாதிரியாகவே இருந்தது என்பது இக்கலையை நேசிப்பவர்களுக்கு என்றும் மகிழ்ச்சி தரும்.

அளவுவிகிதத்துக்கே திரும்பினால், இந்த வாரத்தின் கணக்குகளில் மிக அழகியது இனிமேல்தான் வருகிறது. இங்கிலாந்துக் கடற்படை வாரியத்தின் காலத்து மாதிரிகள், உடலின் கீழ்ப்பகுதியில் பலகை மூடாமல் வங்குகள் தெரியுமாறு விடப்பட்ட அந்தப் புகழ்பெற்ற 17-ஆம் நூற்றாண்டு வேலைப்பாடுகள், பெரும்பாலும் 48-இல் ஒரு பங்கு என்ற விகிதத்தில் அமைந்தவை. கப்பலின் ஒரு அடிக்கு மாதிரியில் கால் அங்குலம் என்பதே அதன் பொருள். அடிக்கு 12 அங்குலம், அங்குலத்துக்கு நான்கு கால்கள், ஆக 48. இதனால் தச்சர் தம் கையிலுள்ள கோலையே வகுத்தல் கணக்கின்றிப் பயன்படுத்த முடிந்தது. இதே ‘அடிக்குக் கால் அங்குலம்’ என்ற சொல்லை ஆம்ஸ்டர்டாம் கோலோடு ஒருவர் நிறைவேற்றினால், அடிக்கு 11 அங்குலமே என்பதால் கிடைப்பது 44-இல் ஒரு பங்கு. விகிதம் என்பது நாட்டைக் கடந்த தூய எண் என்று கருதப்படுகிறது. ஆனால் கோலின் வழியே சொல்லப்படும்போது அதுவும் ஊருக்கு ஊர் மாறிவிடுகிறது.

செய்முறையாகச் சொன்னால், பலகை ஒட்டும் முன் பாக்ஸ்வுட்டில் இரண்டு சிறு அளவுகோல்களைச் செய்துகொள்வது நல்லது. ஒன்றில் 3.78 மில்லிமீட்டருக்கு ஒரு கீறல், அது ஆம்ஸ்டர்டாம் அடி, மற்றொன்றில் 3.96 மில்லிமீட்டருக்கு ஒரு கீறல், அது ஸ்வீடன் அடி. அங்குலங்களைக் கீற முயல வேண்டாம், கத்தி முனையைவிட அவை நெருக்கமானவை. 10 அடிக்கு ஒரு நீண்ட கீறல் இருந்தால் போதும். இரண்டையும் வெவ்வேறு நிற மரத்தில் செய்தால் வேலையின் நடுவே கைமாறிப் போகாது.

பாய்மரங்களும் கயிறுகளும் அடுத்த இதழுக்குரியவை. வாசாவின் பத்துப் பாய்களில் நான்கு மட்டுமே அன்று விரிக்கப்பட்டிருந்தன. எஞ்சிய ஆறும் பாய் அறையில் மடித்து வைத்தபடியே கிடைத்தன என்பதிலிருந்து அது தொடங்கும். அதற்குள் நூல் வாங்கிவிட விரும்புவோர் ஒன்றை மட்டும் கருத்தில் கொள்ள வேண்டும். அக்காலத்தில் கயிற்றின் பருமன் சுற்றளவாகவே அங்குலத்தில் குறிக்கப்பட்டது. 6 அங்குலக் கயிறு என்றால் ஆம்ஸ்டர்டாம் கோலில் அதன் விட்டம் 4.9 சென்டிமீட்டர், மாதிரிக்குத் தேவையான நூல் 0.65 மில்லிமீட்டர். அந்த 6 அங்குலத்தை விட்டமாகவே எடுத்துக்கொண்ட மாதிரிகளில் கயிறுகள் மூன்று மடங்கு தடித்து நிற்கின்றன.